அத்தை மகளா, அக்காவா? ஒரு நார்மன் குடும்பத்தின் நில வழி

1193ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷையரில், ராபர்ட் டி லேசி என்ற பெரிய நிலப்பிரபு பிள்ளை இல்லாமல் இறந்துபோனார். பான்டிஃப்ராக்ட் கோட்டையும் அதைச் சுற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களும் அவர் வசம் இருந்தன. அடுத்த வருஷமே அத்தனையும் ரோஜர் என்ற ஒருவர் கைக்குப் போய்விட்டது. அதோடு அவர் தன் பெயரையும் ரோஜர் டி லேசி என்று மாற்றிக்கொண்டார். ஆனால் அவர் அப்பா லேசி இல்லை. அப்பாவைப் பெற்ற தாத்தாவும் லேசி இல்லை.

அப்புறம் எப்படி வந்தது சொத்து? நடுவில் ஒரு பெண் இருக்கிறார். ரோஜரின் அப்பாவைப் பெற்ற பாட்டி, பெயர் ஆல்பிரெடா டி லிசூர். இறந்துபோன ராபர்ட்டுக்கு இந்த ஆல்பிரெடா என்ன உறவு என்பதுதான் இந்தப் பதிவின் கேள்வி. சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குப் பழைய புத்தகங்கள் சொன்ன பதில், லேசி ரத்தமே இல்லாத ஒரு பெண்ணுக்கு ராபர்ட் தயவு பார்த்துக் கொடுத்த சொத்து என்பது. ஆவணங்கள் சொல்லும் பதில் வேறு.

பெயரை மட்டும் நம்பினால்

நார்மன் பெயர்களில் இரண்டு சின்னச் சொற்கள் அடிக்கடி வரும். 'டி' என்றால் இன்ன ஊர்க்காரர். 'ஃபிட்ஸ்' என்றால் இன்னார் மகன். ரிச்சர்ட் ஃபிட்ஸ் யூஸ்டஸ் என்றால் யூஸ்டஸ் மகன் ரிச்சர்ட். அவர் அப்பா யூஸ்டஸ் ஃபிட்ஸ் ஜான், அதாவது ஜான் மகன் யூஸ்டஸ். நம்ம இனிஷியல் மாதிரியேதான். தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும்.

ரோஜருடைய குடும்பம் இந்த 'ஃபிட்ஸ்' ரகம். யூஸ்டஸ், அவர் மகன் ரிச்சர்ட், அவர் மகன் ஜான், அவர் மகன் ரோஜர். ஜானும் ரோஜரும் செஸ்டர் ஏர்லிடம் கான்ஸ்டபிளாக இருந்தவர்கள். போலீஸ் கான்ஸ்டபிள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் அது ஏர்லின் படைக்குத் தலைமை தாங்கும் பரம்பரைப் பதவி.

'டி லேசி' என்பது ஊர்ப்பெயர். பிரான்ஸின் நார்மண்டியில், இன்றைய கால்வடோஸ் மாவட்டத்தில் லாஸி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கிருந்து வந்தவர்கள் என்பதால் லேசி. ஒரே ஊரிலிருந்து நாலு குடும்பம் கிளம்பியிருந்தால் நாலு பேருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். அதே மாதிரி, ஒருவர் புதிதாக ஒரு பெரிய நிலத்துக்கு உரிமையாளர் ஆகிவிட்டால், நிலத்தோடு சேர்த்துப் பெயரையும் எடுத்துக்கொள்ளலாம். ரோஜர் செய்தது அதைத்தான்.

டேட்டாபேஸ் வேலை செய்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். குடும்பப் பெயரை பிரைமரி கீயாக வைத்து டேபிள்களை இணைத்தால், சம்பந்தமே இல்லாத வரிசைகள் சேர்ந்துவிடும், சேர வேண்டியவை விட்டுப்போகும். இணையத்தில் கிடைக்கும் இடைக்கால வம்சாவளி மரங்களில் பாதி இப்படித்தான் ஒட்டப்பட்டிருக்கின்றன. அப்படியானால் எதை கீயாக வைப்பது? நிலத்தை.

நிலம் ஏன் நம்பகமான சாட்சி

1066ல் நார்மண்டியின் டியூக் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதன்பிறகு சட்டப்படி எல்லா நிலமும் மன்னருடையது. மற்றவர்கள் எல்லோரும் அவரிடமிருந்தோ, அவரிடமிருந்து பெற்ற இன்னொருவரிடமிருந்தோ நிலத்தை 'வைத்திருப்பவர்கள்'. அப்பா செத்து மகன் பொறுப்பேற்றால் மன்னருக்குப் பணம் கட்ட வேண்டும். மன்னரிடம் நேரடியாக நிலம் வைத்திருப்பவர் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்வதற்கும் பல நேரம் பணம் கட்ட வேண்டும். விதவை மறுமணம் செய்துகொள்ள, செய்துகொள்ளாமல் இருக்க, இரண்டுக்குமே காசு!

பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு இது சர்வர் லாக் போலத் தெரிகிறது. லாக்கில் எல்லாம் பதிவாகாது. எதைப் பதிவு செய்யச் சொன்னோமோ அது மட்டும்தான் இருக்கும். இங்கிலாந்து மன்னரின் கணக்காளர்கள் பதிவு செய்தது பணம் வர வேண்டிய இடங்களை. பிறந்த தேதி, பெயர் வைத்த நாள் எதுவும் அவர்களுக்குத் தேவையில்லை. நிலம் கைமாறிய தருணம் தேவை. பெண்கள் ஆவணங்களில் தலைகாட்டுவதும் பெரும்பாலும் அந்தத் தருணங்களில்தான்.

இந்தக் கணக்குகளுக்குப் பைப் ரோல் என்று பெயர். ஆட்டுத்தோலில் எழுதித் தைத்து, குழாய் மாதிரி சுருட்டி வைத்த வருடாந்தரக் கணக்கு. இன்று மிஞ்சியிருப்பதில் மிகப் பழையது 1129-30ஆம் ஆண்டுக்கானது, முதலாம் ஹென்றி காலத்தது. அதற்கடுத்து இரண்டாம் ஹென்றியின் ஆரம்ப வருஷங்கள் வரை ஒன்றும் இல்லை. இந்த ஒற்றைச் சுருளில்தான் நம் கதைக்கு வேண்டிய ஒரு வரி இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

லேசிகள் யார்

1086ல் வில்லியம் எடுத்த நிலக்கணக்கான டூம்ஸ்டே புத்தகத்தில் இல்பர்ட் டி லேசி யார்க்‌ஷையரில் பெரிய ஆள். 150க்கும் மேற்பட்ட மேனர்கள். மேனர் என்பது ஒரு பிரபுவின் கீழ் வரும் நிலமும் அதில் உழுபவர்களும் சேர்ந்த ஒரு தொகுப்பு. ஏறக்குறைய ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளலாம். இதே சமயம் தென்மேற்கே, வேல்ஸ் எல்லையோரம் வியோப்லியில் இன்னொரு லேசி குடும்பம். அதன் தலைவர் வால்டர் டி லேசி 1085ல் ஹெர்ஃபோர்டில் தான் கட்டிக்கொண்டிருந்த தேவாலயத்தின் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார்.

இல்பர்ட்டும் வால்டரும் அண்ணன் தம்பி என்று எப்படிச் சொல்கிறார்கள்? பெயர் ஒன்று என்பதால் மட்டும் இல்லை. 1133ல் நார்மண்டியில் பாயூ பிஷப்பின் நிலங்களை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு விசாரணை நடந்தது. லாஸி பக்கத்து நிலத்தில் யார்க்‌ஷையர் கிளைக்கும் வியோப்லி கிளைக்கும் பங்கு இருப்பது அதில் தெரிகிறது. பூர்வீகச் சொத்து இரண்டு கிளைக்கும் பிரிந்திருக்கிறது என்றால், எங்கோ மேலே ஒரு பொதுவான அப்பா இருக்க வேண்டும். டபிள்யூ. ஈ. வைட்மேன் 1966ல் வெளியிட்ட லேசி குடும்ப ஆய்வு நூல் முழுக்க இந்த மாதிரி நிலத்தை வைத்தே உறவைக் கட்டுகிறது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த புத்தகங்களில் ஒன்று.

வியோப்லி கிளை பிறகு அயர்லாந்துக்குப் போய், 1172ல் மீத் பகுதிக்கே பிரபுவானது. அது தனிக் கதை. நாம் யார்க்‌ஷையர் பக்கம் இருப்போம்.

இல்பர்ட்டின் மகன் ராபர்ட்டை முதலாம் ஹென்றி நாட்டை விட்டே துரத்தினார். பான்டிஃப்ராக்ட் முதலில் ஹியூ டி லாவல் என்பவருக்கும், பிறகு வில்லியம் மால்ட்ராவெர்ஸ் என்பவருக்கும் போனது. இருபது வருஷத்துக்கு மேல் லேசி அங்கே இல்லை. 1135ல் ஹென்றி இறந்த செய்தி வந்ததும் பான்டிஃப்ராக்டைச் சேர்ந்த ஒரு வீரரே மால்ட்ராவெர்ஸைக் கொன்றுவிட்டார். ராபர்ட்டின் மகன் இரண்டாம் இல்பர்ட் திரும்பி வந்தார். புது மன்னர் ஸ்டீஃபன் கொலையை மன்னித்து நிலத்தையும் உறுதி செய்தார். 1138ல் ஸ்காட்லாந்துப் படையை எதிர்த்து நடந்த 'ஸ்டாண்டர்டு' போரில் இல்பர்ட் முன்னணியில் நின்றார்.

அவருக்குப் பிள்ளை இல்லை. தம்பி ஹென்றி டி லேசி வந்தார். லீட்ஸ் நகரத்தில் இன்றும் இடிபாடாக நிற்கும் கிர்க்ஸ்டால் மடத்தைத் தொடங்கிவைத்தவர் இவர்தான். 1177ல் ஹென்றி இறந்ததும் மகன் ராபர்ட் வந்தார். அவர்தான் 1193ல் பிள்ளையில்லாமல் போனவர்.

மடத்துக் கதை

ஸ்டான்லோ என்று ஒரு மடம் இருந்தது. நம் ரோஜரின் அப்பா ஜான் கட்டிக்கொடுத்தது. அந்த மடத்தின் நூலில் இருந்த கதையை வில்லியம் கேம்டன் தன் 'பிரிட்டானியா'வில் எடுத்துச் சொன்னார். ராபர்ட்டுக்கும் ஆல்பிரெடாவுக்கும் தாய் ஒன்று, தகப்பன் வேறு. ஆல்பிரெடா அவருக்குத் தாய்வழி அக்கா. நெருங்கிய சொந்தம் வேறு யாரும் இல்லாததால் ராபர்ட் அவருக்கே எல்லாவற்றையும் விட்டுப்போனார் என்பது கதை. பின்னால் வந்த உள்ளூர் வரலாறுகள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன. லேசி ரத்தம் ராபர்ட்டோடு முடிந்தது, பிறகு வந்தவர்கள் பெயரளவில் லேசிகள் என்று எழுதினார்கள்.

இங்கே அந்த ஒரு வரி வருகிறது. 1129-30 பைப் ரோலில் ராபர்ட் டி லிசூர் என்பவர் மன்னருக்குப் பணம் கட்ட வேண்டியவர் பட்டியலில் இருக்கிறார். எதற்காக? இல்பர்ட் டி லேசியின் சகோதரியை மணம் செய்ததற்காக.

இந்த ராபர்ட் டி லிசூர்தான் நம் ஆல்பிரெடாவின் அப்பா. அப்படியென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். லிசூரின் மனைவி இல்பர்ட்டுக்குச் சகோதரி. இல்பர்ட்டின் தம்பி ஹென்றிக்கும் சகோதரி. அவர் பெற்ற மகள் ஆல்பிரெடா என்றால், ஹென்றியின் மகன் ராபர்ட்டுக்கு இவர் அத்தை மகள்.

மடத்துக் கதை சரியாக இருக்க வேண்டுமானால், லிசூரின் மனைவியே பிறகு ஹென்றிக்கும் மனைவியாகி ராபர்ட்டைப் பெற்றிருக்க வேண்டும். அதாவது கூடப்பிறந்தவனையே கல்யாணம் செய்திருக்க வேண்டும். நடக்கிற காரியமா?

'லிசூருக்கு இரண்டு மனைவி இருந்திருந்தால்? ஆல்பிரெடா இரண்டாவது மனைவியின் மகளாக இருந்தால்?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குச் சட்டம் பதில் சொல்கிறது. அந்தக் கால இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தில் நிலத்தை உயில் எழுதி, பிடித்தவருக்கு விட்டுப்போக முடியாது. அந்த உரிமையே 1540ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் பரவலாக வந்தது. நிலம் யார் வழியில் வந்ததோ அந்த வழிச் சொந்தத்துக்குத்தான் இறங்கும். லேசி நிலம் லேசி ரத்தத்துக்கு. தாய் மட்டும் ஒன்றான அக்கா, அதுவும் லேசி ரத்தம் இல்லாதவர், இவ்வளவு பெரிய சொத்துக்கு வாரிசாக நின்றிருந்தால், லேசி என்று பெயர் வைத்த அத்தனை பேரும் வழக்கோடு வந்து நின்றிருப்பார்கள். 1194ல் அவர் வாரிசாக ஏற்கப்பட்டார் என்பதே அவர் ரத்தச் சொந்தம் என்பதற்குச் சாட்சி.

அப்படியானால் மடத்தில் இந்தக் கதை எப்படி முளைத்தது? என் ஊகம் இது. மடத்து மரபுப்படி ராபர்ட்டின் அம்மா பெயரும் ஆல்பிரெடா. லிசூரின் மனைவி பெயரும் ஆல்பிரெடா என்றே வம்சாவளிகள் சொல்கின்றன. மகள் பெயரும் அதுவே. மொத்தம் மூன்று ஆல்பிரெடா. ஆல்பிரெடா மகன் ராபர்ட், ஆல்பிரெடா மகள் ஆல்பிரெடா என்று இரண்டு குறிப்புகளைப் பார்த்த ஒரு துறவி இரண்டு அம்மாவையும் ஒருவராக்கிவிட்டிருக்கலாம். எங்கள் தொழிலில் நேம் கொலிஷன் என்போம். நம்ம மொழியில் அத்தை மகள் என்று ஒரே சொல்லில் முடிகிற உறவு, லத்தீனில் 'ரத்த உறவினர்' என்ற பொதுச்சொல்லில் அடங்கிவிடும். குழப்பத்துக்குக் கதவு திறந்தே இருந்தது.

பாட்டியும் பேரனும்

1194ல் மன்னரின் நீதிமன்றத்தில் ஆல்பிரெடாவுக்கும் ரோஜருக்கும் இடையில் ஒரு உடன்படிக்கை ஆனது. அம்மா அப்பா கல்யாணம் 1130 வாக்கில் என்றால், இவருக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது இருக்கும். மகன் ஜான் நாலு வருஷம் முன்னால் சிலுவைப் போருக்குப் போன இடத்தில், டயர் நகரத்தில் இறந்துவிட்டார். அதனால் பேச்சு பாட்டிக்கும் பேரனுக்கும்.

சாராம்சம் சுலபமானது. ராபர்ட் டி லேசியின் நிலத்தில் தனக்குள்ள உரிமையைப் பாட்டி பேரனுக்கு விட்டுக்கொடுத்தார். தன் அப்பா லிசூர் வழியில் வந்த நிலத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். ஏன் அது முக்கியம்? ஆல்பிரெடாவுக்கு இன்னொரு கல்யாணமும் உண்டு. முதல் கணவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ் யூஸ்டஸ் இறந்த பிறகு வில்லியம் என்பவரை மணந்து, அவர் மூலம் வில்லியம் என்றே ஒரு மகன். ஸ்ப்ராட்பரோவை மையமாகக் கொண்ட ஃபிட்ஸ்வில்லியம் குடும்பம் அந்தக் கிளை. லிசூர் நிலம் அந்தப் பக்கம் போனது.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். பேரனுக்கு எதையும் 'விட்டுக்கொடுக்க' வேண்டுமானால், முதலில் அது தன்னுடையதாக இருக்க வேண்டும். உடன்படிக்கையில் உரிமையாளராக நிற்பது ஆல்பிரெடா. ரோஜர் அவர் மூலமாகப் பெறுபவர். பெரிய சொத்தைப் பெரிய பேரனுக்கும், அப்பா வழிச் சொத்தை இளைய மகனுக்கும் என்று இரண்டு குடும்பங்களுக்கு அடித்தளம் போட்டவர் இவர். ஒரு குடும்பம் லேசி என்று பெயர் வைத்துக்கொண்டது, இன்னொன்று ஃபிட்ஸ்வில்லியம். லிசூர் என்ற பெயர் இரண்டிலும் இல்லை. ஆண் வழி மட்டும் வரைந்த மரத்தில் ஆல்பிரெடாவுக்கு இடமே இருக்காது. ஆனால் அவரை எடுத்துவிட்டால் இரண்டு மரமும் நிற்காது.

பிறகு என்ன ஆயிற்று

ரோஜர் டி லேசி சாதாரண ஆள் இல்லை. 1203-04ல் நார்மண்டியில் ஷாட்டோ கையார் கோட்டையை பிரெஞ்சு மன்னரின் முற்றுகைக்கு எதிராக ஆறு மாதம் தாக்குப்பிடித்தவர். 1211ல் இறந்தார். அவர் மகன் ஜான், 1215ல் மாக்னா கார்ட்டாவைக் காக்க நியமித்த 25 பேரில் ஒருவர். 1232ல் லிங்கன் ஏர்ல் ஆனார், அதுவும் மனைவி மார்கரெட் வழியில் வந்த உரிமைதான்! ஜானின் பேரன் ஹென்றி 1311ல் இறந்தபோது மகன்கள் யாரும் மிஞ்சவில்லை. மறுபடியும் ஒரு பெண், மகள் ஆலிஸ்.

ஆனால் இந்தத் தடவை கதை வேறு மாதிரி போனது. 1294ல் ஆலிஸுக்கும் மன்னரின் தம்பி மகன் தாமஸ் ஆஃப் லங்காஸ்டருக்கும் கல்யாணம். அப்போதே போட்ட ஏற்பாட்டின்படி, இவர்களுக்குக் குழந்தை இல்லாவிட்டாலும் நிலத்தின் பெரும்பகுதி தாமஸின் குடும்பத்துக்குப் போகும். குழந்தை இல்லை. 1322ல் தாமஸ் மன்னரை எதிர்த்துத் தோற்று, பான்டிஃப்ராக்டிலேயே, மாமனார் வழியில் வந்த கோட்டையின் அருகிலேயே தலை வெட்டப்பட்டார். ஆலிஸைச் சிறையில் வைத்து நிலங்களை எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1348ல் அவர் பிள்ளையில்லாமல் இறந்தார். பான்டிஃப்ராக்ட் லங்காஸ்டர் குடும்பத்துக்குப் போய், 1399ல் அந்தக் குடும்பத்தவர் நான்காம் ஹென்றியாக முடிசூடியதும் அரசரின் சொத்தோடு சேர்ந்தது. லங்காஸ்டர் டச்சி என்ற பெயரில் அது இன்றும் இங்கிலாந்து அரசரின் தனிச் சொத்துத் தொகுப்பு.

ரத்தம் வேறு பக்கம் ஓடியது. ஜானின் மகள் மாட், குளோஸ்டர் ஏர்ல் ரிச்சர்ட் டி கிளேரை மணந்தார். அவர் வழியாக ஆல்பிரெடாவின் சந்ததி இங்கிலாந்தின் பல பிரபுக் குடும்பங்களுக்குள் கலந்தது. அதில் யாருக்கும் லேசி என்று பெயர் இல்லை.

ஆக, பெயர் ஒரு வழி, நிலம் ஒரு வழி, ரத்தம் ஒரு வழி. 1194ல் மூன்றும் ஒரு பாட்டியின் கையில் சேர்ந்து இருந்தன. 1322க்குள் மூன்றும் பிரிந்துவிட்டன.

இந்த மாதிரி குடும்பங்களைத் தேட ஆசைப்படுபவர்களுக்கு நான் பின்பற்றும் முறையைச் சொல்லிவிடுகிறேன். பெயரை விட்டுவிட்டு ஒரு ஊரைப் பிடியுங்கள். டூம்ஸ்டேயில் அது யாரிடம் இருந்தது, நூறு வருஷம் கழித்து யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். கை மாறியிருந்தால், மாறிய வருஷத்தில் மன்னருக்குப் பணம் கட்டியது யார் என்று தேடுங்கள். வாங்கியவருக்கும் விட்டவருக்கும் பெயர் பொருந்தவில்லையா? பதற வேண்டாம். நடுவில் ஒரு மகளோ சகோதரியோ அத்தையோ இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். பெயர்கூட இல்லாமல் 'இன்னாரின் சகோதரி' என்று மட்டும் இருப்பார். இல்பர்ட்டின் சகோதரி அந்தத் தோல் சுருளில் அப்படித்தான் இருக்கிறார். புருஷன் கட்ட வேண்டிய பாக்கிக் கணக்கில் வந்த அந்த ஒரு வரிதான் தன் மகளுக்கு அவர் விட்டுப்போன அத்தாட்சி.

ஃபிட்ஸ்வில்லியம் கிளையைப் பற்றி எடுத்து வைத்த குறிப்புகள் தனியாக இருக்கின்றன. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.